பழைய நோயும் புதிய காப்புறுதியும்

ஒப்பந்தத்திற்கு முன்பே உடலில் இருந்த நோயைக் காப்புறுதி நிறுவனத்தார் ‘முன்னிருந்த நோய்’ என்பர். இனிப்புநீர் உடைய ஒருவர் வேலையை விட்டால் முதலாளி தந்த காப்பு முடியும். புதிய நிறுவனமோ அந்நோயை விலக்கி ஏற்கலாம். ஏற்க மறுக்கவும் செய்யலாம்.

சிங்கப்பூர் இதற்கு ஒரு வழி கண்டது. 2015 நவம்பர் முதல் நாள் தொடங்கிய மெடிஷீல்டு லைஃப், குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும், எந்நோய் இருப்பினும், ஆயுள் முழுவதும் காக்கிறது. கடுநோய் முன்பே உடையார் பத்தாண்டுகள் 30 விழுக்காடு கூடுதல் சந்தா செலுத்த வேண்டும். பழைய மெடிஷீல்டோ 92 வயதோடு நின்றது. முதுமையில் கைவிடுவது என்ன காப்போ!

தனியார் நிறுவனங்களிடம் இதற்குமேல் வாங்கும் காப்பில் பழைய விலக்கு இன்றும் உண்டு. ஆகவே, நிறுவனம் மாறுவோர் புதியது எழுத்து மூலம் ஏற்கப்படும் வரை பழையதை விடலாகாது. நோயை மறைத்தலும் ஆகாது. பின்னர் தெரியவந்தால் ஒப்பந்தமே செல்லாது போகலாம்.