மிதந்து வந்ததா, பிரிந்து போனதா?

காரைக்குடியைச் சுற்றிக் கண்மாய்களில் மண்டிக் கிடக்கும் சீமைக் கருவேலம் எங்கிருந்து வந்தது? பதில் சுலபம்: அமெரிக்கக் கண்டத்துச் செடி; காலனிய ஆட்சியில் இங்கே விதைத்தார்கள். மனிதக் கை படாத உயிர்களைப் பற்றியும் இதே கேள்வியைக் கேட்கும்போதுதான் சிக்கல். அந்தக் கேள்விக்குள் ஒரு ‘தோற்ற மையம்’ ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது.

நிலம் அசையாது, உயிர்கள்தான் நகரும் என்பது பரவல் கோட்பாட்டின் பழைய நம்பிக்கை. டார்வின் விதைகளை உப்புநீரில் ஊறப்போட்டார். 87 வகைகளில் 64 வகை 28 நாள் கழித்தும் முளைத்தன. 1940இல் சிம்ப்சன் இதை லாட்டரியோடு ஒப்பிட்டார்: பரிசு அபூர்வம், ஆனால் காலம் நீண்டால் யாருக்காவது விழும். சரி, எதையும் ‘மிதந்து வந்திருக்கும்’னு சொல்லிவிடலாம் என்றால், அதைப் பொய்யென்று எப்படி நிறுவுவது? நிலமும் உயிரும் சேர்ந்தே மாறுகின்றன என்று 1958இல் குரோய்சாட் எதிர்வாதம் வைத்தார். 1960களில் புவித்தட்டுக் கோட்பாடு நிலைபெற்றபோது அந்த வாதத்துக்கு வலு கூடியது.

மேற்குத் தொடர்ச்சி மலையின் ஊதாத் தவளை 2003இல் அறிவியலுக்கு அறிமுகமானது. அதன் நெருங்கிய உறவு கிட்டத்தட்ட 3,000 கிலோமீட்டர் தள்ளி, சீஷெல்ஸ் தீவுகளில். கடல்நீர் தவளைக்கு ஆகாது. சுமார் 6.5 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலம் பிளந்தபோது உறவுகளும் பிரிந்தன என்பதே பொருந்துகிறது.

லெமூர் கதை நேர்மாறு. மடகாஸ்கரின் லெமூரையும் நம்மூர்த் தேவாங்கு போன்ற அதன் உறவுகளையும் இணைக்கத்தான் 1864இல் ஸ்கிளேட்டர் ‘லெமூரியா’ என்ற நிலத்தைக் கற்பித்தார். குமரிக்கண்ட மேடைப் பேச்சுகளில் நாங்கள் கேட்டு வளர்ந்த பெயர் அது. ஆனால் மடகாஸ்கர் ஆப்பிரிக்காவை விட்டு விலகி வெகுகாலம் கழித்தே லெமூர் வம்சம் தோன்றியது. ஆகவே அதன் மூதாதை கடலில் மிதந்துதான் போயிருக்க வேண்டும் என்கிறார்கள் இன்றைய ஆய்வாளர்கள். லெமூரியாவைப் பெற்றெடுத்த விலங்குக்கே லெமூரியா தேவைப்படவில்லை!

இந்தியாவும் மடகாஸ்கரும் பிரிந்தது சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன். நம் இனத்தின் வயதோ சுமார் 3 லட்சம் ஆண்டுதான். அந்தப் பிளவைப் பார்க்கத் தமிழன் மட்டுமல்ல, எந்த மனிதனுமே இல்லை.

ஆக, பரவலும் பிளவும் வேதங்கள் அல்ல. நிலம் பிரிந்த காலத்தையும் உயிர்க்கிளை பிரிந்த காலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு உயிருக்கும் தனியாகச் சோதிக்க வேண்டியவை. ‘மண்ணின் மைந்தர்’, ‘வந்தேறி’ என்று மனிதர்களைப் பிரிக்க இவற்றில் எதையும் சாட்சிக்கு அழைக்க முடியாது. ஒரு மண்ணில் வாழும் உரிமைக்கு, அங்கேயே தோன்றியதற்கான சான்று எதற்கு?