டைனோ அறைக்குள் ஒரு மதியம்

ஷட்டரைத் தாண்டி உள்ளே வந்துவிட்டோம்! வாடிக்கையாளர்கள் எல்லோரும் வாசலறை நாற்காலியோடு நின்றுவிட வேண்டும் என்பது இந்தப் பட்டறையின் கண்டிப்பு. இன்று நமக்கு மட்டும் விலக்கு. காலைப் பார்த்து வையுங்கள், தரை முழுக்க ஒயர்.

கோவைப் புறநகரில் கார்களை ட்யூன் செய்யும் இடம் இது. இந்த ஊர்க்காரர்களுக்கு இன்ஜின் சத்தம் புதிதல்ல. செட்டிபாளையத்தில் கரிவரதன் பெயர் தாங்கிய கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. 2005-ல் இந்தியாவின் முதல் ஃபார்முலா 1 ஓட்டுநராகக் களமிறங்கிய நரேன் கார்த்திகேயன் கோவைக்காரர்தான். ஓடுதளத்துக்கு யார் வேண்டுமானாலும் டிக்கெட் வாங்கிப் போய்விடலாம். இந்த அறைக்கு டிக்கெட்டே கிடையாது, அதுதான் எனக்கு இத்தனை உற்சாகம்!

நடுவில் நிற்கிறதே, அதுதான் இன்றைய நாயகன்: ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ. 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின், கம்பெனிக் கணக்கில் 105 குதிரைத்திறன். முன் சக்கரங்கள், காரை நின்ற இடத்திலேயே ஓடவிட்டு அளக்கும் டைனோவின் உருளைகள் மேல் உட்கார்ந்திருக்கின்றன. கார் பாய்ந்துவிடாமல் பட்டைகளால் இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். மூக்குக்கு எதிரே ஆளுயர ஃபேன். சுவரோரம் கழற்றிய ஸ்பார்க் பிளக்குகள், பாதி குடித்த டீ கிளாஸ்கள், யாரோ மறந்துவிட்டுப்போன டிபன் பாக்ஸ். ஏசி இல்லை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிறது.

கார் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வந்திருக்கிறது. முன்பு வேறொரு இடத்தில் 95 ஆக்டேன் பெட்ரோலை நம்பி ரீமேப் செய்தது, அதாவது இன்ஜின் கம்ப்யூட்டரில் இருக்கும் மேப் என்ற கணக்கு அட்டவணையை மாற்றி எழுதியது. “எங்கூர் பங்க்ல பிரீமியம் எப்ப இருக்கும், எப்ப இருக்காதுன்னே தெரியலீங்ணா” என்கிறார் உரிமையாளர். “அப்ப இருக்கற பெட்ரோலுக்குத் தகுந்தாப்ல பண்ணிக்கலாமுங்க” என்று லேப்டாப்பைத் திறக்கிறார் ட்யூனர்.

ஆக்டேன் எண் பெட்ரோலின் பலத்தைச் சொல்வதல்ல, பொறுமையைச் சொல்வது. டர்போ காற்றைத் திணிக்கிறது. அழுத்தமும் சூடும் ஏறுகின்றன. பிளக்கின் சுடர் வந்து சேர்வதற்குள் ஓரத்துக் கலவை தானாகவே வெடித்துவிட்டால் அதுதான் நாக். ஆக்டேன் கூடினால் பெட்ரோல் அதிகம் தாங்கும். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்தபோது சாதாரண பெட்ரோலுக்கு விதித்த குறைந்தபட்ச எண் 91, பிரீமியத்துக்கு 95. எட்டிப்பார்க்கிற நமக்கு இவ்வளவு போதும்.

காதைப் பொத்திக்கொள்ளுங்கள், முதல் ஓட்டம்! முள் 2,000-லிருந்து 6,000-க்கு ஏறுகிறது, தகரக் கூரை அதிர்கிறது, நெஞ்சுக்குள் கடகடவென்கிறது. சில நொடிகளில் முடிந்துவிட்டது. சத்தத்துக்குக் கை தட்டினேன். அங்கே வேறு யாரும் தட்டவில்லை. எல்லோரும் லேப்டாப்பை நோக்கி ஓடுகிறார்கள்.

திரையில் எண்களின் காடு, ஓட்டத்தின் பதிவான லாக் இதுதான். சுற்று வேகம், இக்னிஷன் டைமிங், டர்போவிடம் கேட்ட காற்றழுத்தம் (பூஸ்ட்), கிடைத்த பூஸ்ட், உள்ளே போகும் காற்றின் சூடு என்று பத்திகள் கீழே ஓடிக்கொண்டே இருக்கின்றன. ட்யூனர் குதிரைத்திறனைத் தேடவே இல்லை. அவர் விரல் நேராக நான்கு பத்திகளுக்குப் போகிறது, சிலிண்டருக்கு ஒன்று. நாக் கேட்டால் கம்ப்யூட்டர் அந்தச் சிலிண்டரில் தீப்பொறியைச் சில டிகிரி தாமதப்படுத்தும். எத்தனை டிகிரி என்பது அந்தப் பத்தியில் விழும். மூன்றாம் சிலிண்டரில், 3,200 சுற்றுக்குப் பக்கத்தில், மைனஸ் நாலரை. 4,700-ல் நான்கு சிலிண்டரிலும் திடீரென ஒரு கொத்து.

“இது ஒண்ணு நிஜம், இது ஒண்ணு பொய்யுங்க” என்கிறார். எது எது என்று சொல்லவில்லை. மேஜைக்கு அடியிலிருந்து எடுக்கிறார் பாருங்கள், இன்றைய விருந்தே இதுதான்: தொழிற்சாலைக் காதுமூடி ஒன்று, அதிலிருந்து நீளும் ரப்பர் ட்யூப், நுனியில் நசுக்கித் துளையிட்ட செப்புக் குழாய். குழாயை இன்ஜின் பிளாக்கில் போல்ட் போட்டுவிட்டு காதுமூடியை என் தலையில் மாட்டிவிட்டார்! அடுத்த ஓட்டத்தில், 3,200-ல், தகர டப்பாவில் பட்டாணியைக் குலுக்கியதுபோல ஒரு சலசலப்பு, கண் இமைக்கும் நேரம்தான். 4,700-ல் அது இல்லை, வெறும் கிணுகிணுப்பு. வண்டிக்கு அடியிலிருந்து உதவியாளர் தம்பியின் குரல்: “அண்ணா, ஹீட் ஷீல்டு போல்ட் லூசுங்ணா!” நாக் சென்சார் அதிர்வைத்தான் கேட்கிறது, தகடு ஆடினாலும் அதற்குக் காதில் விழும். போல்ட்டை இறுக்கினார்கள், அந்தக் கொத்து மறைந்தது. தம்பிக்கு அன்றைக்கு முதல் பஜ்ஜி.

பஜ்ஜி சாப்பிட நேரம் தாராளமாக இருக்கிறது, ஏனென்றால் இந்த வேலையில் பாதி காத்திருப்பது. ஓட்டத்துக்கு ஓட்டம் உள்ளே போகும் காற்றின் சூடு ஏறிவிடுகிறது. சூடான இன்ஜின் லாக்கையும் ஆறிய இன்ஜின் லாக்கையும் ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம். “சூடு இறங்கட்டுமுங்க” என்று ஃபேனை ஓடவிட்டு எல்லோரும் உட்கார்ந்துவிடுகிறார்கள். ஒருவர் கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கிறார். உரிமையாளர் மட்டும் தன் காரையே பார்த்துக்கொண்டிருக்கிறார், ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கும் முகம்.

பிறகு மாற்றங்கள். டைமிங்கை மட்டும் பின்னுக்குத் தள்ளினால் எக்ஸாஸ்ட் பக்கம் சூடு ஏறும் என்பதால், நாக் அதிகமாக விழும் அந்த நடுப்பகுதியில் முதலில் பூஸ்டைக் குறைக்கிறார். அப்புறம் ஒரு டிகிரி டைமிங். ஓட்டம், லாக், ஃபேன். மறுபடி கொஞ்சம். எதையும் கூட்டவில்லை, எடுத்துக்கொண்டே இருக்கிறார்! வேகம் கூட்டும் பட்டறைக்குள் நுழைந்து இப்படி ஒரு கஞ்சத்தனத்தைப் பார்ப்பேன் என்று நினைக்கவே இல்லை. அதுதான் இந்தக் கலையின் அழகு என்று இப்போது உறுதியாகச் சொல்வேன்.

மாலை ஓட்டத்தின் லாக் வந்தது. மூன்றாம் சிலிண்டரில் வரிசையாகச் சுழி, ஒரே ஓர் இடத்தில் மட்டும் அரை டிகிரிக்கும் கொஞ்சம் மேல். அடுத்தடுத்த ஓட்டங்களில் அதே இடத்தில் திரும்ப வரவில்லை. “ஒரு தடவை வந்தா விட்டுருவேன், திரும்பத் திரும்ப ஒரே எடத்துல வந்தாத்தான் பயம்” என்றார் ட்யூனர். தம்பி விசிலடித்தான். இந்த முறை எல்லோரும் கை தட்டினார்கள்.

வேலை இன்னும் முடியவில்லை. டைனோ அறையின் ஃபேன் வேறு, ரோட்டுக் காற்று வேறு. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் சின்னக் கருவி ஒன்றைச் செருகிவிட்டார்கள். தன் ஊர் பங்க்கில் டேங்க்கை நிரப்பி, உச்சி வெயிலில் வழக்கம்போல ஓட்டி, அந்த லாக்கை உரிமையாளர் அனுப்பிவைக்க வேண்டும். அதைப் படித்த பிறகுதான் கடைசி மேப்.

டர்போ கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ரீமேப் செய்யக் கொடுத்தால் குதிரைத்திறன் எத்தனை கூடியது என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். எந்த ஆக்டேனுக்கு எழுதிய மேப் என்று கேளுங்கள், உங்கள் ஊரில் கிடைக்கும் பெட்ரோல் எது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், கடைசி ஓட்டத்தின் லாக்கைக் கேட்டு வாங்குங்கள். நாக் பத்திகளைக் காட்டத் தயங்கும் இடத்தில் சாவியைக் கொடுக்க வேண்டாம்.