லோடர், பேக்ஹோவோட மினி டிராக்டர் வாங்கப் போறீங்களா? ஹெச்.பி.யை மட்டும் பார்த்தா போதாது... இதையெல்லாம் கவனிங்க!

பொள்ளாச்சி பக்கம் 3 ஏக்கர் தென்னந்தோப்பு இருக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். 25 அடி இடைவெளி என்றால் ஏக்கருக்கு சுமார் 70 மரம். மொத்தம் 210 மரம். ஒரு மரம் மாசத்துக்கு ஒரு மட்டை போட்டாலே வருஷத்துக்கு 2,500 மட்டைக்கு மேல் அள்ளணும். எரு கொண்டு போய்ப் போடணும், வாய்க்கால் தூர் வாரணும், பட்டுப்போன மரத்துக்குப் பதிலா கன்று வைக்கக் குழி எடுக்கணும். ஆள் கிடைப்பதோ குதிரைக்கொம்பு.

"முன்னாடி அள்ளுற பக்கெட், பின்னாடி தோண்டுற கை... ரெண்டும் மாட்டின ஒரு சின்ன டிராக்டர் வாங்கிட்டா எல்லாத்தையும் நாமே பார்த்துக்கலாமே?" என்ற யோசனை இங்கேதான் வருகிறது. யோசனை நல்லதுதான். ஆனால் பல லட்சம் கடன் வாங்கி எடுக்கும் வண்டி, ரெண்டே வருஷத்தில் கியர் பாக்ஸ் விரிசல் விட்டு ஷெட்டில் நிற்பதும் நடக்கக்கூடிய விஷயம்தான். வாங்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

லோடர்னா என்ன? பேக்ஹோன்னா என்ன?

டிராக்டரின் முன்பக்கம் ரெண்டு கைகளோடு மாட்டப்படும் அள்ளும் பக்கெட்தான் லோடர். மண், எரு, ஜல்லி, மட்டை போன்றவற்றை அள்ளி டிரெய்லரில் போடவும், தரையை நிரவவும் இது உதவும். பின்பக்கம் மடங்கி நீளும் தோண்டும் கைதான் பேக்ஹோ. குழி, வாய்க்கால், பைப் லைன் பள்ளம் எடுப்பது இதன் வேலை.

நம்மூரில் இந்த ரெண்டும் சேர்ந்த பெரிய வண்டியைத்தான் எல்லாரும் 'ஜேசிபி' என்கிறோம். அது ஒரு கம்பெனியின் பெயர். அதை ஆரம்பித்த இங்கிலாந்துக்காரர் ஜோசப் சிரில் பாம்ஃபோர்டின் பெயரில் உள்ள முதலெழுத்துகள் அவை. இந்த வகை இயந்திரம் முதலில் உருவானதே ஒரு விவசாய டிராக்டரில் முன்னும் பின்னும் கருவிகளை மாட்டித்தான்.

ஹெச்.பி. முக்கியமா, எடை முக்கியமா?

ஷோரூமுக்குப் போனதும் முதலில் சொல்வது ஹெச்.பி. கணக்குதான். நம்மூரில் 15 முதல் 30 ஹெச்.பி. வரை உள்ளவற்றை மினி டிராக்டர் என்கிறார்கள். ரோட்டவேட்டர் ஓட்ட ஹெச்.பி. முக்கியம். ஆனால் அள்ளவும் தோண்டவும் வண்டியின் எடைதான் முதலில் கைகொடுக்கும்.

காரணம் எளிது. பக்கெட் மண்ணுக்குள் இறங்கி இழுக்கும்போது, மண்ணும் வண்டியைத் திருப்பி இழுக்கும். வண்டி லேசாக இருந்தால் மண் வராது, வண்டிதான் நகரும். பெரிய ஜேசிபி வண்டியின் எடை 7 டன்னுக்கு மேல். 24 ஹெச்.பி. மினி டிராக்டர் பலவற்றின் எடை ஒரு டன்னுக்கும் கீழே. ஜேசிபி சுமார் 15 அடி ஆழம் வரை தோண்டும் என்றால், சின்ன டிராக்டரில் மாட்டும் பேக்ஹோவிடம் 5 முதல் 7 அடி வரைதான் எதிர்பார்க்கலாம். கெட்டியான செம்மண், சுக்கான் கல் உள்ள நிலம் என்றால் அதுவும் கஷ்டம்.

'750 கிலோ தூக்கும்' - எந்தப் பக்கம்?

பலர் ஏமாறும் இடம் இதுதான். மினி டிராக்டர் விளம்பரங்களில் 'லிஃப்டிங் கெப்பாசிட்டி 750 கிலோ' என்று இருக்கும். அது பின்பக்கம் கலப்பை, ரோட்டவேட்டர் மாட்டும் மூணு புள்ளி இணைப்பு தூக்கும் அளவு. முன்பக்க லோடருக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை.

லோடருக்குத் தனியாகக் கேளுங்கள். "பக்கெட் முழு உயரத்துக்குப் போனப்போ எவ்வளவு தூக்கும்? பக்கெட்டின் நடுவில் அளந்ததா, கை முடியும் பின்னில் அளந்ததா?" பின்னில் அளந்தால் கணக்கு அதிகமாகத் தெரியும். ஆனால் சுமை இருப்பதோ அதற்கும் முன்னால், பக்கெட்டுக்குள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 0.2 கன மீட்டர் பக்கெட்டில் ஈர மணலை நிரப்பினால் சுமார் 380 கிலோ வரும். அதே பக்கெட்டில் காய்ந்த எரு என்றால் அதில் பாதிகூட வராது. அதாவது, எருவுக்குச் சரியான பக்கெட், ஈர மணலுக்கு ஆபத்தான பக்கெட் ஆகிவிடும். சின்ன வண்டிக்குப் பெரிய பக்கெட் மாட்டித் தருகிறேன் என்று பட்டறையில் சொன்னால் சந்தோஷப்படாதீங்க.

டிராக்டருக்கும் முதுகெலும்பு உண்டு

லாரிக்கு இருப்பது போல டிராக்டருக்குத் தனியாக சேசிஸ் கிடையாது. பெரும்பாலான டிராக்டர்களில் இன்ஜின், கிளட்ச் ஹவுசிங், கியர் பாக்ஸ், பின் ஆக்ஸில் எல்லாம் வரிசையாக போல்ட் போட்டு இணைக்கப்பட்டிருக்கும். அந்த வார்ப்பிரும்புக் கூடுகளே வண்டியின் முதுகெலும்பு.

முன்னால் லோடர் முட்டித் தள்ளும்போதும், பின்னால் பேக்ஹோ வெட்டி இழுக்கும்போதும் அந்த முதுகெலும்பு வளையப் பார்க்கும். வார்ப்பிரும்பு வளையாது, விரிசல்தான் விடும். அதனால்தான் லோடர் தாங்கியிலிருந்து பின் ஆக்ஸில் வரை ஓடும் இரும்புச் சட்டம், அதாவது 'சப் ஃபிரேம்' அவசியம். சுமையை அந்தச் சட்டம் வாங்கிக்கொள்ளும்.

பேக்ஹோவை வெறும் மூணு புள்ளி இணைப்பில் தொங்கவிட்டுத் தருவது விலை குறைவு. ஆனால் அந்த இணைப்பு கலப்பையை இழுக்க உருவானது. தோண்டும் கையின் குலுக்கலைத் தாங்க அல்ல. பேக்ஹோ மேலே எகிறி ஓட்டுபவரை நசுக்கும் ஆபத்தும் இதில் உண்டு. எனவே "சப் ஃபிரேம் உண்டா? இதை மாட்டினா டிராக்டர் வாரன்ட்டி செல்லுமா?" என்ற ரெண்டு கேள்விக்கும் பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

வேற என்னென்ன பார்க்கணும்?

4 வீல் டிரைவ்: பக்கெட் நிறைந்ததும் எடை முழுக்க முன்னால் போய், பின் டயர்கள் லேசாகிவிடும். 2 வீல் டிரைவில் இழுவை, பிரேக் இரண்டுமே பின் டயரில்தான். ஈர நிலத்தில் வண்டி நின்ற இடத்திலேயே சுற்றும், சரிவில் நிற்காது. லோடர் என்றால் 4 வீல் டிரைவ்தான் சரி. முன் ஆக்ஸில் எவ்வளவு சுமை தாங்கும் என்பதையும் கேளுங்கள்.

பின் எடை: லோடர் ஓட்டும்போது பின்னால் ரோட்டவேட்டரோ, எடைக் கட்டியோ தொங்க வேண்டும். பின் டயரில் தண்ணீர் நிரப்புவதும் உதவும். பேக்ஹோ மாட்டியிருந்தால் அதுவே எடை. ஆனால் உழவு நாளில் அதைக் கழட்டித்தான் ரோட்டவேட்டர் மாட்ட முடியும். கழட்டி மாட்ட எவ்வளவு நேரம், எத்தனை ஆள் என்று டீலர் உங்கள் கண் முன்னால் செய்து காட்டட்டும்.

பவர் ஸ்டீயரிங்: நிறைந்த பக்கெட்டோடு சாதா ஸ்டீயரிங்கைத் திருப்பினால் தோள்பட்டை போய்விடும்.

கியர்: லோடர் வேலை என்பது நிமிஷத்துக்கு நாலு தடவை முன்னே, பின்னே போவது. அதற்கு ஏற்ற ஷட்டில் கியர் இருந்தால் கிளட்ச் நீடிக்கும்.

ஹைட்ராலிக்: பம்ப் நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் ஆயில் தள்ளும் என்பதைப் பொறுத்துத்தான் கை வேகமாக நகரும். சில பேக்ஹோக்களுக்கு பி.டி.ஓ.வில் ஓடும் தனி பம்பும், தனி ஆயில் டேங்கும் தேவைப்படும். விலையில் அது சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

டெஸ்ட் ரிப்போர்ட்: மத்தியப் பிரதேசம் புத்னியில் உள்ள மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி மற்றும் பரிசோதனை நிறுவனம் டிராக்டர்களைச் சோதித்து அறிக்கை தருகிறது. நோட்டீஸில் இருக்கும் எண்ணைவிட அதில் இருக்கும் எண்ணை நம்பலாம்.

பேக்ஹோ வாங்கணுமா... வாடகை போதுமா?

இங்கேதான் காகிதமும் பேனாவும் தேவை. பேக்ஹோ விலையை, உங்கள் ஊர் ஜேசிபி மணி வாடகையால் வகுத்துப் பாருங்கள். பேச்சுக்கு, பேக்ஹோ 3 லட்சம், வாடகை மணிக்கு 1,200 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 250 மணி நேரம் வருகிறது. உங்கள் தோப்பில் வருஷத்துக்கு 15 மணி நேரம்தான் தோண்டும் வேலை என்றால், போட்ட காசு திரும்ப 16 வருஷத்துக்கு மேல் ஆகும்.

அதோடு, ஜேசிபி ஒரு மணி நேரத்தில் முடிப்பதைச் சின்ன கை முடிக்க அதைவிடப் பல மடங்கு நேரம் ஆகலாம். கன்று வைக்க 3 அடி நீளம், அகலம், ஆழத்தில் ஒரு குழி எடுத்தாலே ஒரு டன்னுக்கு மேல் மண் வெளியே வரும். அப்படி 20 குழி என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

லோடரின் கதை வேறு. எரு, மட்டை, மண் என்று வாரம் தவறாமல் வேலை இருக்கும். அரை மணி நேர வேலைக்கு ஜேசிபியைக் கூப்பிட்டால் வரவும் மாட்டார்கள். எனவே பல தோப்புக்காரர்களுக்குப் பொருந்தும் வழி: லோடரைச் சொந்தமா வாங்குவது, தோண்டும் வேலையைச் சேர்த்து வைத்து வருஷத்துக்கு ஒருமுறை வாடகை வண்டியில் முடிப்பது. தமிழக வேளாண் பொறியியல் துறையும் டிராக்டர், மண் தள்ளும், தோண்டும் இயந்திரங்களை மணிக் கணக்கில் வாடகைக்குத் தருகிறது. உழவன் செயலியில் பதிவு செய்யலாம்.

பேக்ஹோ யாருக்குச் சரி? பெரிய வண்டி நுழைய முடியாத சந்து, மரம் நெருங்கிய தோட்டம், அடிக்கடி பைப் லைன் வேலை இருக்கும் நர்சரி மாதிரி இடங்களுக்கு அது உண்மையிலேயே வரம்.

உயிருக்கு உத்தரவாதம்: ரோப்ஸ்

டிராக்டர் விபத்துகளில் உயிரைப் பறிப்பதில் முக்கியமானது வண்டி கவிழ்வது. பக்கெட் நிறைய மண்ணைத் தூக்கி உயரத்தில் வைத்துக்கொண்டு திரும்பினால், புவியீர்ப்பு மையம் மேலே போய் சின்ன பள்ளத்தில் டயர் இறங்கினாலே வண்டி சாயும். அப்படி வண்டி கவிழ்ந்தாலும் ஓட்டுபவர் நசுங்காமல் காக்க சீட்டுக்குப் பின்னால் இருக்கும் வலுவான இரும்பு வளைவுதான் 'ரோப்ஸ்'. சுவீடனில் 1959 முதலே புது டிராக்டர்களுக்கு இது கட்டாயம். அதன் பிறகு அங்கே இந்த வகை மரணங்கள் வெகுவாகக் குறைந்தன.

நம்மூரில் பல மாடல்களில் இது கூடவே வருவதில்லை, கேட்டு வாங்க வேண்டும். ரோப்ஸ் இருந்தால் சீட் பெல்ட் கட்டாயம் போடணும். பட்டறையில் வெல்டிங் வைத்த குழாய் ரோப்ஸ் ஆகாது.

இன்னும் சில விஷயங்கள்:

* பக்கெட்டைத் தரையிலிருந்து ஓர் அடிக்குள் வைத்தே ஓட்டணும்.
* நிறைந்த பக்கெட்டோடு மேட்டில் முன்பக்கமாக ஏறி, ரிவர்ஸில் இறங்கணும். கனமான பக்கம் எப்போதும் மேட்டைப் பார்த்து இருக்க வேண்டும்.
* தோப்புக்குள் தாழ்வாகப் போகும் மின்கம்பி இருந்தால் கையைத் தூக்கும் முன் அண்ணாந்து பாருங்கள்.
* 5 அடிக்கு மேல் ஆழமான பள்ளத்தில் பக்கவாட்டு முட்டு இல்லாமல் யாரையும் இறக்காதீங்க. ஒரு கன மீட்டர் மண் சரிந்தாலே ஒன்றரை டன்.
* குழந்தைகளைப் பக்கெட்டில் ஏற்றி விளையாட்டு காட்டவே வேண்டாம்.

செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் பெயின்ட்டைப் பார்த்து மயங்க வேண்டாம். பக்கெட்டில் மண்ணை நிரப்பித் தூக்கி, இன்ஜினை ஆஃப் செய்துவிட்டு தள்ளி நின்று பாருங்கள். கை மளமளவென்று இறங்கினால் சிலிண்டர் சீலோ, வால்வோ தேய்ந்திருக்கிறது. பின், புஷ் எல்லாவற்றையும் அசைத்துப் பார்க்கணும். கியர் பாக்ஸ் கூடு, லோடர் தாங்கி ஓரங்களில் புது வெல்டிங், ஆயில் கசிவு தெரிந்தால் விலகிவிடுங்கள்.

வரி, மானியம், ஆவணம்

2025 செப்டம்பர் 22 முதல் விவசாய டிராக்டருக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. லோடர், பேக்ஹோவுக்கும் அதே விகிதம்தான் என்று நினைத்துவிட வேண்டாம். கோட்டேஷனில் ஒவ்வொன்றின் விலையும் வரியும் தனித்தனியாக இருக்கட்டும். வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் மானியம் உண்டு. சிறு, குறு விவசாயிகள், பெண்கள், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு விகிதம் அதிகம். எந்த மாடலுக்குக் கிடைக்கும் என்பதை முன்பணம் கட்டும் முன் வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இலகு ரக வாகன லைசென்ஸ் இருந்தால் 7,500 கிலோவுக்கு மிகாத டிராக்டரை ஓட்டலாம். சொந்த விவசாயத்துக்கென்று பதிந்த வண்டியில் வாடகைக்கு மண் வேலை செய்தால், விபத்து நேரத்தில் இன்சூரன்ஸ் கிடைப்பதில் சிக்கல் வரலாம்.

கடைசியா ஒரு விஷயம்...

முன்பணம் கொடுக்கும் முன் வண்டியை உங்கள் நிலத்துக்கே கொண்டு வந்து டெமோ காட்டச் சொல்லுங்கள். ஷோரூம் வாசலில் கொட்டிய மணலை எந்த வண்டியும் அள்ளும். உங்கள் தோப்பின் மண்ணை, உங்கள் வரப்பில், உங்கள் வீட்டில் யார் தினமும் ஓட்டப் போகிறாரோ அவரே ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்க்கட்டும். அந்த ஒரு மணி நேரம், பல வருஷ தவணையைக் காப்பாற்றும்.