தொகையிலிருந்து ஒரு முத்தகம்

செய்யுளை முத்தகம், குளகம், தொகைநிலை, தொடர்நிலை என நால்வகையாகப் பகுத்துரைக்கும் தண்டியலங்காரம். தனியே நின்று பொருள் முடிவது முத்தகம். பல பாட்டுகள் ஓரிடத்தே திரட்டப்பெற்றது தொகைநிலை. ஆல்பம் என வழங்கும் இக்கால இசைத்தொகுப்புப் பெரும்பாலும் தொகைநிலையின்பாற்படும். அதனின்று ஒரு பாட்டைப் பிரித்து வானொலிக்கு அனுப்புங்கால், அது முத்தகமாய் நிற்க வல்லதா என்பதே முதல் வினா.

இவ்வினா பழைய இசைத்தட்டோடு பிறந்தது. நிமிடத்துக்கு 78 முறை சுழன்ற தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடமளவே பாட்டு அடங்கும். இரு பக்கங்களுள் எது முன்பக்கம் என்பதைக் கம்பெனியார் முடிவு செய்தனர். அமெரிக்கக் 'கன்ட்ரி' பாடகர் ஹேங்க் வில்லியம்ஸ் 1949இல் வெளியிட்ட ஒரு தட்டின் முன்பக்கத்தில் துள்ளல் மெட்டுடைய பாட்டொன்று இருந்தது. தனிமைத் துயரைப் பாடும் மெல்லிசைப் பாட்டு பின்பக்கத்துக்குப் போயிற்று. காசிட்டால் பாடும் பெட்டி வைத்த கடைகளில் விரைந்த மெட்டே விலைபோகும் என்பது அக்கால வணிகக் கணக்கு. இன்று அவருடைய தலைசிறந்த பாட்டுகளுள் ஒன்றாக எண்ணப்படுவது அப்பின்பக்கத்துப் பாட்டே. வணிகர் கணக்கும் காலத்தின் கணக்கும் ஒத்துப்போக வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை.

மலேசியத் தமிழ்ப் பாடகருக்கு இச்சிக்கல் இன்னும் கடியது. அங்காசாபுரியிலிருந்து ஒலிபரப்பாகும் அரசு வானொலியான மின்னல் பண்பலை, தனியார் வானொலியான ராகா ஆகியவையே நாடு முழுதும் தமிழ் நேயரைச் சேரும் பெருவாயில்கள். இரண்டிலும் தமிழகத் திரைப்பாட்டு நிரம்பி வழியும். எனவே உள்ளூர்த் தொகுப்பு ஒன்றுக்குக் கிட்டும் சில நிமிடங்களை எப்பாட்டுக்குக் கொடுப்பது என்பதில் தொகுப்பின் வாழ்வே அடங்கியிருக்கிறது.

2006இல் யோகி பி, நட்சத்திரா குழுவினர் வெளியிட்ட 'வல்லவன்' தமிழ் ஹிப்-ஹாப் இசையில் முன்னோடித் தொகுப்பு. அதனுள் கடல் கடந்து பெயர்பெற்றது 'மடை திறந்து'. 1980இல் வந்த 'நிழல்கள்' படத்திற்காக வாலி எழுதி, இளையராஜா இசையமைத்து, எஸ். பி. பாலசுப்பிரமணியம் பாடிய பாட்டின் மறுவடிவம் அது. ராப் என்னும் விரைந்த சொல்லடுக்கு அந்நாளில் தமிழ் நேயர் பலருக்குப் புதிது. பழகிய மெட்டோ, கேட்ட மாத்திரத்தில் அவர்களை உள்ளே இழுத்துக்கொண்டது. மூலப்பாட்டே புகழை நாடும் இளம் இசைக்கலைஞன் ஒருவனின் கனவு. புதிதாய் மேடையேறும் குழுவுக்கு இதைவிடப் பொருந்தும் களம் அரிது. மறு ஆண்டே 'பொல்லாதவன்' படத்தில் யோகி பியின் குரல் ஒலித்தது. பழைய மெட்டின் துணையின்றி எழுந்த பாட்டுகள் அதே தொகுப்பில் இருந்தும், இந்த அளவு பரவவில்லை. புதுமையைப் பழமையின் தோளில் ஏற்றி அனுப்புவது வெற்றிதரும் வழிதான். ஆயினும் அதற்குரிய விலையும் உண்டு.

வானொலிக்கேற்ற பாட்டுக்கு வேறு சில இலக்கணங்களும் உள. நீண்ட முன்னிசை ஆகாது. குரல் விரைவில் எழ வேண்டும். பல்லவி ஒருமுறை கேட்டதும் நாவில் ஒட்ட வேண்டும். நான்கு நிமிடத்தைத் தாண்டினால் ஒலிபரப்பாளர் தயங்குவர். சொல்லும் தூய்தாதல் வேண்டும். உலகெங்கும் ஒலித்த 'டெஸ்பசீட்டோ' என்னும் ஸ்பானிய மொழிப் பாட்டையே, நேயர் முறையீட்டின்பேரில் 2017 ஜூலையில் மலேசிய அரசு வானொலி நிறுத்திவிட்டது. வட்டாரக் கொச்சையும் வசைச்சொல்லும் கலந்த ராப் பாட்டுக்கு இது சிறிய தடையன்று.

குறுந்தட்டுக் காலத்தில் பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலும், கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் தமிழ்ப் பாட்டுக் கடைகள் இருந்தன. வானொலியில் கேட்ட ஒரு பாட்டுக்காகத் தட்டை வாங்கியவர் வீடு சென்று மற்றவற்றையும் கேட்டார். தனிப்பாட்டு அங்கே வாசற்படியாயிற்று. கைபேசி வழிப் பாட்டுக் கேட்கும் இந்நாளிலோ வாசற்படியோடு திரும்பிவிடலாம். ஆகவே கலைஞர் பலர் பாட்டுகளை ஒவ்வொன்றாகவே வெளியிட்டுப் பின்னர் தொகுக்கின்றனர். சங்கப் பாட்டுகளும் தனித்தனியே பாடப்பெற்றுப் பின்னரே தொகையாயின என்பதால் இம்முறை தமிழுக்குப் புதிதன்று. ஆனால் முன்னும் பின்னும் உள்ள பாட்டுகளால் பொருள் பெறும் தொடர்நிலைத் தொகுப்புக்கு இம்முறையில் இடம் குறைவு. அவ்வகைத் தொகுப்பின் நடுவே மெல்ல நடக்கும் பாட்டை வானொலிக்கு அனுப்ப முன்வருவோரும் சிலரே.