செய்தி மேசையிலிருந்து கட்சிப் பணிமனைக்கு

நேற்றுவரை தொலைக்காட்சிப் பெட்டியில் தோன்றி நாட்டு நடப்பை நமக்கு எடுத்துரைத்த ஒருவர், இன்று ஒரு கட்சியின் மேடையில் நின்று நமது வாக்கைக் கேட்கிறார். இக்காலத்தில் இஃது எங்கும் நிகழ்கின்ற காரியமாகிவிட்டது. செய்தியாளர் அரசியலுக்குப் போகலாமா? போனால், அவர் முன்னர் சொன்ன செய்திகளுக்கு என்ன மதிப்பு? போனவர் திரும்பி வந்தால் ஏற்றுக்கொள்ளலாமா? இவ்வினாக்கள் கற்றோர் அவையில் மட்டுமன்றி, மன்னார் உப்புக்குளத்துத் தேநீர்க் கடைகளிலும் எழுகின்றன. ஞாயிற்றுக்கிழமையின் ஓய்விலே இவற்றைச் சற்று ஆராய்ந்து பார்த்தல் நன்று.

முதலில் கேரளத்தை நோக்குவோம். மலையாளத் தொலைக்காட்சி நேயர்கள் யாவரும் நன்கறிந்த எம். வி. நிகேஷ் குமார், 2003ஆம் ஆண்டில் தொடங்கிய ‘இந்தியாவிஷன்’ செய்தி அலைவரிசையில் புகழ்பெற்று, 2011இல் ‘ரிப்போர்ட்டர்’ அலைவரிசையைத் தாமே நிறுவியவர். 2016ஆம் ஆண்டுச் சட்டசபைத் தேர்தலில் அழீக்கோடு தொகுதியில் மார்க்சிஸ்ட் கட்சியின் சார்பில் நின்று தோல்வியுற்றார்; மீண்டும் செய்தித் துறைக்கே வந்தார். பின்னர் 2024 ஜூன் மாதத்தில் அத்துறையை விட்டு விலகி, அதே கட்சியின் முழுநேரப் பணிக்குச் சென்றார். இவருடைய தந்தையார் எம். வி. ராகவன், அக்கட்சியிலிருந்து வெளியேற்றப்பட்டு 1986இல் தனிக்கட்சி கண்டவர் என்பதை எண்ணும்போது, மைந்தர் மேற்கொண்ட முடிவு இலேசானதன்று என்பது புலனாகும்.

அதே 2016ஆம் ஆண்டில், தொலைக்காட்சிச் செய்தியாளரான வீணா ஜார்ஜ் ஆறன்முளையில் வென்று, 2021இல் கேரளத்தின் சுகாதார அமைச்சரானார். வட இந்தியாவில் அசுதோஷ் என்னும் தொலைக்காட்சி ஆசிரியர் 2014 ஜனவரியில் ஆம் ஆத்மி கட்சியிற் சேர்ந்து, தேர்தலில் தோற்று, 2018இல் கட்சியை விட்டகன்று மறுபடியும் எழுத்துத் துறைக்கு வந்தார். பொருளாதாரச் செய்தி அலைவரிசையொன்றில் பொறுப்பான பதவி வகித்த சுப்ரியா ஸ்ரீநேத், 2019இல் காங்கிரஸ் வேட்பாளராகித் தோற்றார், எனினும் திரும்பவில்லை. 2022இல் அக்கட்சியின் சமூக ஊடகப் பிரிவுக்கே தலைவியானார். பிரித்தானியாவிலே, பி.பி.சி.யில் இருந்த ரொபி கிப் 2017இல் பிரதமர் தெரேசா மேயின் செய்தித் தொடர்புப் பணிப்பாளராகச் சென்று, 2021இல் அதே பி.பி.சி.யின் நிர்வாக சபைக்கு உறுப்பினராகத் திரும்பினார்.

நமது இலங்கையிலும் இதற்கு உதாரணம் உண்டு. சக்தி தொலைக்காட்சியின் ‘மின்னல்’ நிகழ்ச்சியை நடத்திய ஜெ. ஸ்ரீரங்கா, 2010ஆம் ஆண்டில் நுவரெலியா மாவட்டத்திலிருந்து பாராளுமன்றம் சென்றார். நிகழ்ச்சியின் பெயரே அவர் பெயருக்கு அடைமொழியாகிவிட்டமை தொலைக்காட்சியின் வலிமைக்குச் சான்றாகும்.

செய்தியாளர் அரசியலுக்குப் போவதே பிழை என்று கூறுவாரும் உளர். அவருடன் நாம் உடன்படவில்லை. குடிமகன் ஒவ்வொருவனுக்கும் உள்ள உரிமை செய்தியாளனுக்கு மட்டும் இல்லையென்பது எவ்விதத்தில் நியாயமாகும்? பல்லாண்டுகளாகப் பிறருடைய தவறுகளை எடுத்துக்காட்டியவன், ஒரு நாள் ‘நாமே இறங்கிச் செய்து பார்த்தால் என்ன?’ என்று எண்ணுவது மனித இயல்பு. இதைவிட, செய்தித் தொழிலில் நிலையான ஊதியம் இல்லாமையும், முதலாளிகளின் தலையீடும் எத்தனையோ நல்லவர்களை வெளியே தள்ளுகின்றன. மேலும், கட்சிக்கும் பத்திரிகைக்கும் உறவு புதிதன்று. 1947இல் தோன்றிய ‘சுதந்திரன்’ தமிழரசுக் கட்சியின் குரலாகவே விளங்கிற்று. அதை வாங்கியவர், தாம் வாங்குவது இன்ன கட்சியின் பத்திரிகை என்று அறிந்தே வாங்கினார். அங்கே மறைவு இல்லை. ஆகவே ஏமாற்றமும் இல்லை.

அப்படியாயின் குற்றம் எங்கே பிறக்கிறது? உப்புக்குளத்தில் மீன் வியாபாரத்தில் முதிர்ந்த பெரியவர் ஒருவரிடம் இது குறித்து ஒரு முறை உரையாடினோம். “நானா, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?” என்று கேட்டோம். அவர் சொன்ன மறுமொழி இது:

“மாஸ்டர், கரையில மீன் கூறி விக்கிற ஆள் போட்டுக்காரருக்கும் சொந்தமில்ல, வாங்க வந்த முதலாளிக்கும் சொந்தமில்ல. அதாலதான் அவர் சொல்ற விலைய ரெண்டு பேரும் ஏத்துக்கொள்றாங்க. அவருக்கு யாவாரம் செய்ய ஆசை வந்தாத் தாராளமாச் செய்யட்டும். ஆனா கூறுறத விட்டுப்போட்டு வந்து செய்யட்டும். காலையில கூறிப்போட்டு, பின்னேரம் அதே மீன வாங்கினா ஆர் நம்புவாங்க?”

நூல்கள் பல சொல்லும் நீதியை இவ்வார்த்தைகளில் அடக்கிவிட்டார் அப்பெரியவர். ஒருவர் கட்சியிற் சேர்ந்த நாளில் குற்றமில்லை. அதற்கு முந்திய மாதங்களிலேதான் ஆபத்து உறைகிறது. கட்சித் தலைவரோடு இரகசியமாகப் பேசிக்கொண்டே, அதே தலைவரை இரவில் நேர்காணும் செய்தியாளர் கேட்கத் தவறிய கேள்வி எது என்பதை நேயர் எவ்வாறு அறிவர்?

இந்த நம்பிக்கை நமது நாட்டில் எளிதாகக் கிடைத்த பொருளன்று. ரூபவாஹினியில் செய்தி வாசித்தவராக நாடறிந்த ரிச்சர்ட் டி சொய்சா 1990 பெப்ரவரியில் கடத்திக் கொல்லப்பட்டார். யாழ்ப்பாணத்திலிருந்து பி.பி.சி.க்குச் செய்தி அனுப்பிய மயில்வாகனம் நிமலராஜன் 2000 அக்டோபர் 19ஆம் திகதி தம் இல்லத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். ‘இவன் அந்தப் பக்கத்து ஆள்’ என்னும் ஒரு சொல்லே செய்தியாளனின் உயிருக்கு உலை வைக்கக்கூடிய காலமாக அது இருந்தது.

மன்னாரில் வாழ்பவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. 1990 அக்டோபரில் வடபுலத்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டபோது, இத்தீவிலிருந்து கடல்வழியாகக் கற்பிட்டிக்கும் புத்தளத்துக்கும் சென்றவர்களில் உப்புக்குளத்தாரும் அடங்குவர். ஊர் எப்படி இருக்கிறது, வீடு நிற்கிறதா, திரும்பலாமா என்று தவித்தவர்க்குச் செய்தி பொழுதுபோக்கன்று. அது வாழ்வைத் தீர்மானிக்கும் பொருள். அச்செய்தி ஒரு கட்சியின் நன்மைக்காக வளைக்கப்பட்டிருப்பின் விளையும் தீங்கை எண்ணிப் பாருங்கள்.

இங்கே நாம் மறக்கலாகாத ஒன்றுண்டு. தலைநகரத்திலே புகழ்பெற்ற ஒருவர் கட்சிக்குப் போனால், அவருக்குப் பதவி கிடைக்கலாம். ஆனால் அதன் விலையைச் செலுத்துபவர், எந்தக் கட்சிக்கும் போகாத கிராமத்து நிருபரே. அனுப்பும் செய்திக்கு அற்பத் தொகை பெற்று, மோட்டார் சைக்கிளில் ஊரூராகத் திரியும் அவரைப் பார்த்து, “நீர் எப்போது தேர்தலில் நிற்கப் போகிறீர்?” என்று மக்கள் நகைப்பர். அவர் உண்மையைச் சொன்னாலும் அதற்குள் உள்நோக்கம் தேடுவர்.

ஆகவே ஒழுங்குகள் சில வேண்டும். பிரித்தானியாவின் ஒலிபரப்பு விதிகள், தேர்தற் காலத்தில் வேட்பாளரொருவர் செய்தி வாசிப்பவராகவோ நிகழ்ச்சி நடத்துபவராகவோ தோன்றலாகாது என்று வரையறுக்கின்றன. விதியோடு வழக்கமும் துணை நிற்றல் நன்று. கட்சியோடு பேச்சுத் தொடங்கிய அன்றே செய்தியாளர் தமது நிறுவனத்துக்கு அதனை அறிவித்து, அரசியற் செய்தியிலிருந்து ஒதுங்க வேண்டும். விலகிய செய்தியை நிறுவனமே நேயர்க்கு வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். திரும்பி வருவாராயின், கதவை அடைக்க வேண்டியதில்லை; ஆயின் எந்தக் கட்சியில் எந்தக் காலம் இருந்தார் என்பதை மறையாது கூறி, அக்கட்சியின் செய்திகளைச் சில ஆண்டுகளேனும் பிறரிடம் விட்டுவிடுதல் முறை.

நமக்கும் கடமை உண்டு. மன்னார், வவுனியா, முல்லைத்தீவு ஆகிய மூன்று மாவட்டங்களும் சேர்ந்த வன்னித் தேர்தல் மாவட்டத்தில், தெரிந்த முகம் ஒன்று வாக்குக் கேட்டு வருமாயின், முகத்தைக் கண்டு மயங்காது கேட்போம்: இறங்குதுறைக்கும் குடிநீருக்கும் காணிக்கும் உமது கட்சி செய்யப்போவது யாது? அதற்கு அவர் தரும் மறுமொழியை, வேறெந்த வேட்பாளரின் மறுமொழியையும் நிறுப்பதுபோலவே நிறுத்துப் பார்ப்போம். செய்தி வாசித்தபோது நாம் அவருக்கு அளித்த நம்பிக்கை, அவர் அமர்ந்திருந்த ஆசனத்துக்கு உரியது. எழுந்து செல்லும்போது அதனை அங்கேயே வைத்துவிட்டுச் செல்வதுதான் அறம்.