கொன்றையின் நாட்காட்டி

பங்குனி வெயில் ஏறும்போது சென்னையின் அடையாறு, தி.நகர் பக்கத்துக் கொன்றை மரங்கள் இலை கொட்டுகின்றன. சித்திரை, வைகாசியில் மஞ்சள் பூ சரம் சரமாகத் தொங்குகிறது.

மரத்துக்குப் பூக்கும் நேரத்தைச் சொல்வது ஊருக்கு ஊர் வேறு. ஜப்பானின் கியோட்டோவில் செர்ரி மரத்தை எழுப்புவது கடுங்குளிருக்குப் பின் வரும் வசந்தத்தின் இளஞ்சூடு. 2021-இல் அங்கே மார்ச் 26-ஆம் தேதியே பூக்கள் முழுதாக மலர்ந்துவிட்டன. அதுவரையிலான சுமார் 1,200 ஆண்டுக் குறிப்புகளில் அவ்வளவு சீக்கிரம் பூத்ததாக இல்லை. சென்னையிலோ கடுங்குளிர் என்பதே கிடையாது. (மார்கழியில் நாம் மப்ளர் சுற்றிக்கொள்வது வேறு கதை!) இங்கே மரங்களுக்கு நாள் குறிப்பது பெரும்பாலும் தண்ணீர்தான். ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடுகிறது. பிறகு மண் காய்கிறது. இலை வழியே நீர் ஆவியாகிப் போகாமலிருக்க மரம் இலையையே உதிர்க்கிறது. வெற்றுக் கிளையில் பூத்தால் வண்டுக்கும் தேனீக்கும் தூரத்திலேயே தெரியும்.

வேம்பு பூப்பதும் இதே பருவத்தில்தான். மயிலாப்பூர் வீடுகளில் புத்தாண்டுப் பச்சடிக்குப் புது வேப்பம்பூ கிடைப்பது அதனால்தான்.

மழை தவறினாலோ, கோடையில் திடீரென்று பெய்தாலோ இந்த வரிசை கலையும். அதைக் கண்காணிக்க நாடு முழுவதும் 'சீசன்வாட்ச்' என்ற திட்டம் நடக்கிறது. உங்கள் தெருவில் ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து, வாரம் ஒருமுறை இலை, பூ, காய் பார்த்துக் குறித்து அனுப்பலாம். பள்ளிப் பிள்ளைகளும் சேரலாம்.