வேகம் குற்றமா, விற்பனை குற்றமா?

சென்னை சென்ட்ரலிலிருந்து கிளம்பும் தொலைதூர வண்டிகளில் பெரும்பாலானவை பேசின் பிரிட்ஜ் யார்டில்தான் கழுவித் துடைக்கப்பட்டுத் தயாராகின்றன. கும்மிடிப்பூண்டித் தடமும் அரக்கோணத் தடமும் பீச் தடமும் கூடுகிற இடம் அது. காலையில் பிட் லைன்களில் பெட்டிகள் வரிசையாக நிற்கும்; ஆட்கள் தண்ணீர் ஏற்றுவார்கள், கீழே இறங்கி பிரேக் பார்ப்பார்கள். 10 மணிக்கு நாளைய வண்டிகளின் ஏசி பெட்டிகளுக்குத் தட்கல் என்ற கடைசி நேர முன்பதிவு திறக்கிறது, 11 மணிக்கு ஸ்லீப்பருக்கு. எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் ஒப்பந்த வேலை பார்க்கும் ஒடிசாக்காரரும் பீகார்க்காரரும் அந்த நேரத்துக்காகக் கைபேசியைப் பிடித்தபடி காத்திருப்பார்கள். திரையில் சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டம் ஒருவழியாக நிற்கும்போது ‘வெயிட்டிங் லிஸ்ட்’ என்று வரும். தெருமுனை டிராவல்ஸில் கேட்டால், கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கச் சம்மதித்தால், உறுதியான டிக்கெட் கிடைத்துவிடும்.

டிராவல்ஸ்காரருக்கு மட்டும் எப்படிக் கிடைக்கிறது? இதற்குப் பாதி விடை கணினி அறிவியலில் இருக்கிறது, மீதி சட்டத்தில்.

முதல் பாதி எளிது. முன்பதிவு இணையதளத்தில் நாம் நிரப்பும் படிவம் ஒரு மனிதனுக்காகச் செய்யப்பட்டது. பெயர், வயது, பெர்த் விருப்பம், எழுத்துப் புதிர், பணம் செலுத்தும் முறை என்று ஒவ்வொன்றாகத் தட்ட வேண்டும். மென்பொருளுக்கு இந்தச் சிரமம் இல்லை. பயணிகளின் விவரங்களை முந்தின இரவே சேமித்து வைத்துக்கொள்கிறது. 10 மணி அடித்ததும் படிவத்தின் எல்லாக் கட்டங்களையும் ஒரே நொடியில் நிரப்புகிறது. இன்னும் கெட்டிக்கார மென்பொருள் என்றால் திரையையே தொடாது. திரைக்குப் பின்னால் நம் உலாவி சர்வருக்கு அனுப்பும் கோரிக்கை எப்படி இருக்கும் என்று கற்றுக்கொண்டு, அதே வடிவத்தில் தானே நேரடியாக அனுப்பிவிடும். ஐம்பது போலிப் பயனர் கணக்குகள், வாடகைக்கு எடுத்த சர்வர்கள், வெவ்வேறு ஐபி முகவரிகள் என்று வைத்துக்கொண்டால், ஓர் ஆள் ஐம்பது ஆளாகத் தெரிவார். ஒரே பெர்த்துக்கு இரண்டு கோரிக்கை வரும்போது தரவுத்தளம் முதலில் வந்ததற்குப் பூட்டிக் கொடுக்கும், மற்றதை நிராகரிக்கும். முதலில் வந்ததற்கும் அடுத்து வந்ததற்கும் இடையில் சில மில்லி நொடிகள்தான் இருக்கும்.

இதைத் தடுக்க வைத்த காவல்தான் கேப்ட்சா என்ற கோணல் எழுத்துப் புதிர். 1950-இல் ஆலன் டூரிங் கேட்ட கேள்வியின் வாரிசு அது: எதிரே இருப்பது மனிதனா, இயந்திரமா? கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் லூயிஸ் வான் ஆனும் மேனுவல் பிளமும் நண்பர்களும் 2000-களின் தொடக்கத்தில் அதற்குப் பெயர் வைத்துப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். 2014-லேயே மிகக் கடினமான கோணல் எழுத்துகளைத் தன் இயந்திரம் 99.8 சதவீதம் சரியாகப் படிப்பதாக கூகுள் அறிவித்துவிட்டது. கண்ணாடி போட்ட நம் பெரியவர்கள் அந்த அளவுக்குப் படிப்பார்களா என்பது சந்தேகம். புதிர் இப்போது மனிதர்களைத்தான் வடிகட்டுகிறது.

ரயில்வே அமைச்சகமே 2025 ஜூனில் சொன்ன கணக்கு இது: தட்கல் திறந்த முதல் ஐந்து நிமிடத்தில் உள்நுழைய வரும் முயற்சிகளில் 50 சதவீதம் வரை மென்பொருள்களிடமிருந்து வந்தன. சந்தேகத்துக்குரிய இரண்டரைக் கோடிப் பயனர் கணக்குகள் முடக்கப்பட்டன. அதே ஆண்டு மே 22 அன்று ஒரே நிமிடத்தில் 31,814 டிக்கெட்டுகள் பதிவாயின.

இனி சட்டம். மேலே சொன்ன மென்பொருள் எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். தரவுத்தளத்துக்குள் புகவில்லை, எதையும் அழிக்கவில்லை, யார் கணக்கிலிருந்தும் பணம் எடுக்கவில்லை. முறையான கட்டணத்தைச் செலுத்தி முறையான டிக்கெட்டைத்தான் வாங்கியது. செய்த வேலை, வரிசையில் முண்டியடித்து முன்னால் போய் நின்றது. முண்டியடிப்பது ஹேக்கிங் ஆகுமா?

2000 அக்டோபர் 17 அன்று நடைமுறைக்கு வந்த நம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு, கணினியின் உரிமையாளர் அனுமதி இல்லாமல் அதை அணுகுவதைத் தவறென்கிறது. அதையே நேர்மையற்ற நோக்கத்தோடு செய்தால் 66-ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம். சொந்தக் கணக்கில், சொந்தக் கடவுச்சொல்லோடு, ஆனால் ரோபோ மூலம் நுழைந்தால் அது அனுமதியற்ற அணுகலா? பதிவுசெய்யும்போது நாம் யாரும் படிக்காமல் ‘சம்மதம்’ என்று தட்டிவிட்ட விதிமுறைகளில் தானியங்கி மென்பொருள் கூடாது என்றிருக்கலாம். ஆனால் ஒப்பந்த மீறல் எல்லாம் சிறைக் குற்றம் ஆகிவிட்டால் நம்மில் பாதிப் பேர் உள்ளே இருக்க வேண்டும். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2021-இல் வான் ப்யூரன் வழக்கில் ஏறக்குறைய இதைத்தான் சொன்னது: கதவு உங்களுக்குத் திறந்திருந்தால், உள்ளே போய்த் தப்பான காரியம் செய்தீர்கள் என்பதற்காக அத்துமீறி நுழைந்ததாக ஆகிவிடாது.

போலிப் பெயரில் கணக்குத் தொடங்கினால் கதை வேறு. அடையாளத் திருட்டுக்கு 66-சி, கணினி வழி ஆள்மாறாட்ட மோசடிக்கு 66-டி என்று 2008 திருத்தம் தனித்தனிப் பிரிவுகள் கொடுத்திருக்கிறது. ஆனால் தட்கல் வழக்குகளில் ரயில்வே பாதுகாப்புப் படை முதலில் கையில் எடுப்பது இவற்றையெல்லாம் அல்ல. இணையத்தைக் கனவிலும் காணாத 1989 ரயில்வே சட்டத்தின் 143-ஆம் பிரிவைத்தான்.

2020 அக்டோபரில் திருப்பூரில் ஓர் இளைஞர் கைதானார். ஐஐடியில் முதுகலை படித்தவர். தட்கல் படிவத்தை வேகமாக நிரப்பித்தரும் இரண்டு செயலிகளை எழுதி வெளியிட்டிருந்தார். பேசின் பிரிட்ஜைக் கடந்து மேற்கே போகும் சேரனுக்கும் நீலகிரிக்கும் இடம் கிடைக்காமல் தவித்தவர்கள் அவற்றை விரும்பிப் பயன்படுத்தியிருந்தால் வியப்பில்லை. பயன்படுத்துபவர்கள் ‘காயின்’ வாங்க வேண்டும். ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் சில காயின்கள் கழியும். இதில் சுமார் 20 லட்சம் ரூபாய் சம்பாதித்தார் என்பது குற்றச்சாட்டு. சமூக ஊடகங்களில் பெரிய வாக்குவாதம் நடந்தது. அறிவாளியைச் சிறையில் போடுவதா என்று ஒரு பக்கம், ஏழைகளின் இடத்தைப் பிடுங்கியவர் என்று இன்னொரு பக்கம். இரண்டு பக்கமும் சட்டப் பிரிவைப் படித்ததாகத் தெரியவில்லை.

143 சொல்வது இவ்வளவுதான். ரயில்வே ஊழியரோ அங்கீகரிக்கப்பட்ட முகவரோ அல்லாத ஒருவர், டிக்கெட் வாங்கிக் கொடுப்பதைத் தொழிலாக நடத்தக் கூடாது. மீறினால் மூன்றாண்டு வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இதற்கு உடந்தையாக இருப்பவருக்கும் அதே தண்டனை என்கிறது இரண்டாம் உட்பிரிவு. திருப்பூர்க்காரர் மீது பாய்ந்தது இந்த உடந்தைப் பிரிவு. எனக்கு இங்கேதான் இடறுகிறது. உடந்தை என்றால், உடந்தையாக இருக்க ஒரு கள்ள வியாபாரம் வேண்டும். அம்மாவைப் பார்க்க ஊருக்குப் போக ஒருவர் அந்தச் செயலியில் தனக்கு டிக்கெட் எடுத்தால், அங்கே வியாபாரம் எது?

1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பியதிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டுக்கு டிக்கெட் என்பது கையில் பிடிக்கும் அட்டை அல்லது காகிதம். கள்ள டிக்கெட் விற்பவர் என்றால் கவுன்ட்டர் முன்னால் ஆள் நிறுத்துபவர். 143 அவரை மனதில் வைத்து எழுதப்பட்டது. ரயில்வேயின் ஐஆர்சிடிசி நிறுவனம் இணையத்தில் டிக்கெட் விற்கத் தொடங்கியதோ 2002-இல். பழைய வலையில் புதிய மீன் விழுமா என்ற கேள்வி பிரிட்டனில் 1980-களிலேயே எழுந்தது. பிரெஸ்டல் என்ற தகவல் சேவைக்குள் பிறர் கடவுச்சொல்லைக் கொண்டு நுழைந்து, இளவரசர் பிலிப்பின் மின்னஞ்சல் பெட்டி வரை போன இருவரைக் கள்ளக் கையெழுத்துச் சட்டத்தில் தண்டித்தார்கள். பொருந்தவில்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது; 1988-இல் பிரபுக்கள் சபை அதை உறுதிசெய்தது. அதன் விளைவாக 1990-இல் கணினி முறைகேட்டுக்கென்றே தனிச் சட்டம் பிறந்தது.

நம் உச்ச நீதிமன்றம் வேறு வழியில் போனது. கோட்டயம் ரயில்வே பாதுகாப்புப் படை தொடுத்த ஒரு வழக்கு. முகவர் உரிமம் இல்லாத ஒருவர் பல பயனர் கணக்குகளை உருவாக்கி ஆன்லைன் டிக்கெட்டுகளை விற்றார் என்பது புகார். 143 இதற்குப் பொருந்தாது என்று கேரள உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்திருந்தது. 2025 ஜனவரி 9 அன்று நீதிபதிகள் தீபாங்கர் தத்தா, பிரசாந்த் குமார் மிஸ்ரா அமர்வு அதை மாற்றியது. இ-டிக்கெட்டைச் சட்டம் எழுதியவர்கள் முன்கூட்டியே கண்டிருக்க வேண்டியதில்லை. பிரிவு தடுப்பது அனுமதியற்ற டிக்கெட் வியாபாரத்தை, அது கவுன்ட்டரில் நடந்தாலும் இணையத்தில் நடந்தாலும் ஒன்றுதான் என்பது தீர்ப்பின் சாரம். கூடவே சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீட்டில் வந்த இன்னொரு வழக்கும் தீர்ந்தது. அதில் குற்றம் சாட்டப்பட்டவரும் பல கணக்குகளில் டிக்கெட் எடுத்ததாகத்தான் புகார். ஆனால் அவர் உரிமம் பெற்ற முகவர். அதனால் அவர் மேலிருந்த வழக்கு ரத்து. விதிமீறல் இருந்தால் முகவர் ஒப்பந்தத்தின்படி நடவடிக்கை எடுக்கலாம், 143 அவரைத் தொடாது.

ஒரே செயல், இரண்டு பேர். ஒருவர் விசாரணையைச் சந்திக்க வேண்டும், மற்றவர் வீட்டுக்குப் போகலாம். விசித்திரமாகத் தோன்றினாலும் தர்க்கம் சுத்தமானது: சட்டம் பார்த்தது வியாபாரத்தை. மென்பொருள் எவ்வளவு வேகமாகத் தட்டச்சு செய்தது என்பது அதன் கணக்கிலேயே இல்லை.

இதில் ஓட்டை எங்கே என்பதும் இப்போது தெரிந்திருக்கும். விற்பவரைப் பிடிக்க வலை இருக்கிறது. கருவியைச் செய்து விற்பவரைப் பிடிக்க உடந்தை என்ற கிழிந்த வலைதான். 2017 டிசம்பரில் ஒரு தட்கல் மென்பொருளை எழுதிய குற்றச்சாட்டில் சிபிஐ ஒருவரைக் கைது செய்தது. அவர் சிபிஐயிலேயே உதவி புரோகிராமர், அதற்கு முன் ஐஆர்சிடிசியில் வேலை பார்த்தவர். பிட்காயினிலும் ஹவாலாவிலும் பணம் வந்ததாகச் சொன்னார்கள். பூனைக்கும் பால் குடத்துக்கும் நடுவே இத்தனை நெருக்கம் இருக்கும்போது கருவியைப் பற்றிச் சட்டம் தெளிவாகப் பேச வேண்டும். அமெரிக்கா 2016-இல் அதைச் செய்தது: இசை நிகழ்ச்சி, விளையாட்டு டிக்கெட் தளங்களின் தடுப்புகளைத் தாண்டும் மென்பொருளைப் பயன்படுத்துவதையே சட்டவிரோதமாக்கியது.

எந்தப் பிரிவானாலும் நிரூபிக்க வேண்டும். அங்கே சென்னைக்கு ஒரு பெருமை உண்டு. ஒரு பெண்ணைப் பற்றி யாஹூ குழுவில் ஆபாசமாக எழுதியவருக்கு எழும்பூர் நீதிமன்றம் 2004 நவம்பர் 5 அன்று தண்டனை விதித்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-ஆம் பிரிவில் நாட்டின் முதல் தண்டனையாக அது சொல்லப்படுகிறது. திரையில் தெரிந்ததை அச்சிட்டுக் கொடுத்தால் போதாது, அது எந்தக் கணினியில் எப்படி எடுக்கப்பட்டது என்ற சான்றிதழும் வேண்டும் என்ற நடைமுறை அந்த வழக்கில் கவனம் பெற்றது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியம் 63-ஆம் பிரிவில் இதை இன்னும் இறுக்கியிருக்கிறது. கைப்பற்றிய கோப்பின் ஹாஷ் மதிப்பைச் சான்றிதழில் எழுத வேண்டும். ஷா-256 போன்ற ஒரு கணக்குமுறை, கோப்பு எத்தனை பெரிதானாலும் அதை 64 எழுத்துள்ள ஒரு கைரேகையாகச் சுருக்கும். கோப்பில் ஒரு காற்புள்ளி மாறினாலும் கைரேகை அடியோடு மாறிவிடும். டிராவல்ஸ் கணினியிலிருந்து எடுத்த ஐம்பது கணக்குகளின் பட்டியல் நீதிமன்றம் போகும் வழியில் ஐம்பத்தொன்றாகவில்லை என்று காட்ட இது உறுதியான வழி.

சட்டம் மெல்ல நகர, ரயில்வே கதவை மாற்றியது. 2025 ஜூலை 1 முதல் ஆதார் சரிபார்த்த கணக்குகளுக்கே ஆன்லைன் தட்கல். ஜூலை 15 முதல் ஆதார் ஓடிபியும் கட்டாயம். முதல் அரை மணி நேரம் முகவர்களுக்கு அனுமதி இல்லை. ஐம்பது போலிக் கணக்கு வைத்திருந்தவருக்கு இது நல்ல அடி. ஆனால் ஆதாரில் ஊரிலிருக்கும் அண்ணன் நம்பரைக் கொடுத்துவிட்டு எண்ணூரில் வேலை பார்ப்பவருக்கும் இதே அடி விழுகிறது. ஓடிபி போய்ச் சேருவது ஊருக்கு. அண்ணன் போனை எடுப்பதற்குள் தட்கல் முடிந்துவிடும். அவர் மறுபடியும் தெருமுனைக்குத்தான் போவார்.

அப்படிப் போகிறவர் ஒன்று செய்யலாம். டிக்கெட்டைக் கையில் வாங்கியதும் அச்சிட்டிருப்பதைப் படிக்கட்டும். உரிமம் பெற்ற முகவர் எடுத்தது என்றால் முகவரின் விவரமும் அவருடைய கட்டணமும் அதில் இருக்கும். தனிநபர் கணக்கில் எடுத்தது என்றால், இதை விற்பதும் வாங்குவதும் ரயில்வே சட்டம் 143-ஆம் பிரிவின்படி குற்றம் என்று சிறிய எழுத்தில் இருக்கும். முதல் வகையாக இல்லாவிட்டால் பணம் கொடுக்காதீர்கள். ரயில்வேயின் 139-க்குச் சொல்லுங்கள். ஆதார் எண்ணையும் ஓடிபியையும் கொடுத்து ஏமாந்துவிட்டீர்கள் என்றால் அழைக்க வேண்டியது சைபர் குற்ற உதவி எண் 1930.